ஏழாம் இலக்கம்

முதலில் குற்றச்சாட்டுகள்.

மழைக்கு ஆகாது.
மார்கழியில் ஏகாம்பரம் வீதி
கணுக்கால்வரை நிற்கும்போது
தண்ணீரை உள்ளே கூப்பிட்டு
பாய் விரித்துப் படுக்கவைக்கும்.
வெயிலுக்கும் ஆகாது.
ஒன்றுக்கும் ஆகாத இதைத்தான்
பதினாறு வருசமாய் வாங்குகிறேன்:
கறுப்புக் கன்வஸ், வெள்ளை றப்பர் மூக்கு,
கணுக்காலில் வட்டமாய் ஒரு முத்திரை.

தண்ணீர் மீற்றர் பார்ப்பது என் வேலை.
ஒரு நாளைக்கு நூற்றுநாற்பது படலை,
அதில் முப்பதுக்குப் பின்னால் நாய்.
கடிக்க ஓடிவரும்,
சப்பாத்தை மணக்கும்,
மனம் மாறித் திரும்பிப் போகும்.
இந்த ஒரு நன்மையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குதிக்காலில் ஊசி ஏறுகிறதென்று
பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
டொக்டர் இரண்டு விரலால் தூக்கி
அடியை வளைத்துப் பார்த்தார்.
தோசைபோல் மடிந்தது.
"இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே, தம்பி."

தெரியும் டொக்டர்.
அந்த ஒன்றுமில்லாததால்தான்
தார் எங்கே இளகிக் கிடக்கிறது,
சரளை எங்கே தொடங்குகிறது,
யார் வீட்டு முற்றத்தில்
குழாய் மண்ணுக்கடியில் கசிகிறது
என்று கால் எனக்கு முதலே சொல்லிவிடுகிறது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பின்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள்.

அவர் சொன்னதையும் வாங்கிப் போட்டேன்.
பஞ்சு, காற்று, வளைவுக்கு ஒரு தாங்கி.
பதினொரு நாள்.
யாரோ ஒருவருடைய காரில்
பின்சீற்றில் போவதுபோல் இருந்தது ஊர்.
மச்சான் அருள்நேசனுக்குக் கொடுத்துவிட்டேன்.
அவன் அதைப் போட்டுக்கொண்டு
கோழிக்கூடு கழுவுகிறான்.

வெள்ளிக்கிழமை கோணேசர் மலை.
செருப்புக்காரர்கள் உதறிவிட்டு உள்ளே போய்
கும்பிட்டு, திருநீறு பூசி
வெளியே வரும்போது
நான் நாலாவது கண்ணில் முடிச்சவிழ்த்துக்கொண்டிருப்பேன்.
ஒருமுறை கோட்டை மான் ஒன்று
இடது நாடாவில் அரை அடி தின்றது.
நல்ல மான். முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை.
மிச்சத்தைக் கட்டியபடி
மூன்று மாதம் நடந்தேன்.

நளீம் நானா கடையில் இந்தமுறை
புதுச் சோடியைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது.
துணி மெலிசு.
குதியில் ஒட்டிய பட்டி நகம் பட்டால் உரியும்.
கண்களில் பித்தளை இல்லை,
உப்புக்காற்று ஒரு மாதத்தில் அழவைத்துவிடும்.
விலை மட்டும் தடிப்பு.
"இப்ப வேற ஃபக்டரி" என்றார்,
தன் மகன் தப்பிப்போனதைச் சொல்வதுபோல்.
வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
பஸ் தரிப்பிடம்வரை போனேன்.
திரும்பிப் போய் வாங்கினேன்.

ஏழாம் மாதம் இடது கால் வெடித்தது.
எப்போதும் அந்த இடம்தான்,
சின்னவிரல் மடியும் மடிப்பு.
வலது கால் புதுமாப்பிள்ளை மாதிரி
ஒன்றும் அறியாமல் நிற்கிறது.

நேற்றுப் பின்னேரம் டச்சு குடாவில்
ஈரமணலில் ஒரு தடம் கண்டேன்.
அதே கட்டம், அதே கோடு, அதே அளவு.
நான் நடக்காத திசையில்
நான் போயிருந்தேன்.

அலை ஒவ்வொன்றாய் அழிக்க அழிக்க
பின்னால் ஓடினேன்.
கவிழ்த்த தோணியில் ஒரு பெண்,
நெடுத்தவள், ஆஸ்பத்திரிச் சீருடை,
சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து
குதிக்காலை உருவிக்கொண்டிருந்தாள்.
பாலையூற்று. பெயர் டெல்சியா.
என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனையாம் இலக்கம்?"
"ஏழு."
"இனி வாங்கமாட்டன்" என்றாள்.
"நானும்தான்" என்றேன்.
கடலுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அவளுக்கு வெடித்தது வலது.

நாலையும் தோணியில் வரிசையாய் வைத்தோம்.
நடுவே ஒரு முழுச் சோடி,
நல்ல இடது, நல்ல வலது,
கறுப்பு இன்னும் கறுப்பாக.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெறுங்காலோடு யார் வீட்டுக்குப் போவது என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.