சவரிமுத்துவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி

நவம்பர் இரண்டு, ஏற்காடு, ஆறரை மணி.
காலையிலிருந்து லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்,
கிளியூர் அருவியில் வழுக்கி
மேடத்தின் ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று.
இனி அவளுக்கு ஓட்டல், எனக்குச் சேலம்
என்று ஒண்டிக்கடை தாண்டித் திரும்பினால்
மூடுபனிக்குள்ளே சரிவு முழுக்க
மினுக் மினுக்கென்று.

அது என்ன, என்றாள் ரூத்தா.

என் இங்கிலீஷ் சுற்றுலா இங்கிலீஷ்.
வியூ பாயிண்ட், டென் மினிட்ஸ், மங்கி, கேர்ஃபுல்.
கல்லறைத் திருநாளுக்கு அதில் வார்த்தை இல்லை.
கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன்.
தூங்குகிறார்களா, என்றாள்.
ஆமாம் மேடம், ரொம்ப நேரமாக.

அவள் சிரிக்கவில்லை.
லிதுவேனியாவிலும் இன்றைக்கு இதேதான் என்றாள்.
விரல்விட்டு எண்ணினாள்:
அங்கே இப்போது மூன்று மணி,
யாரும் இன்னும் பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

வாசலில் வர்த்தி விற்றவன்
வெள்ளைத் தோலைப் பார்த்ததும் விலையை இரட்டித்தான்.
நான் பேரத்துக்கு வாயெடுப்பதற்குள்
ஒரு கட்டு வாங்கி
மொய்த்த பிள்ளைகளுக்குப் பதினொன்றைக் கொடுத்துவிட்டு
மிஞ்சிய ஒற்றையோடு
வெறுங்காலில் உள்ளே போனாள்.

ஈரமண், செவ்வந்தி, சாம்பிராணி,
புதுச் சுண்ணாம்பு இன்னும் காயாத சிலுவைகள்.
காற்றுக்குத் தப்ப
கமலா ஆரஞ்சின் பாதித் தோலுக்குள்
வர்த்தியை நட்டிருந்தார்கள்.
தோல் சூடேறி
மலையே உரித்த பழமாக மணத்தது.

இருட்டாகக் கிடந்தது ஒன்றே ஒன்று,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் அடியில்.
குந்தித் தழையை ஒதுக்கினாள்.
நான்கு குச்சி நமுத்துப்போயிருந்தது,
ஐந்தாவது பிடித்தது.
கல்லில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றாள்.
ச. சவரிமுத்து, எஸ்டேட் ஃபிட்டர்.
'சா-வாரி-மூத்தா' என்று அவள் சொன்ன மாதிரிக்கு
மூன்று கல்லறை தள்ளி ஒரு தலை திரும்பியது,
அப்புறம் ஏழெட்டு.

பெர்னதெத்தக்கா அதற்குப் பிறகுதான் வந்தாள்.
பதினேழாம் வளைவில் பஸ் படுத்துவிட்டதாம்.
எரிகிற வர்த்தியைப் பார்த்தாள்,
குந்தியிருந்தவளைப் பார்த்தாள்,
என்னிடம் கேட்டாள்:
"எத்தன வருசமாப் பழக்கம்?"

மொழிபெயர்த்தால் என் பிழைப்பு போகும்.
இந்தியா வந்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்கிறார்கள் என்றேன்.
ஒன்பது விரலைக் காட்டினாள் ரூத்தா.
"ஒம்போதா! அந்த மனுசன் போயே ஆறு வருசம்தானே..."
அக்கா முடிக்கவில்லை,
சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.
ஒம்போது நாள்க்கா, நாள், என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை.
எச்சில் தொட்ட விரலால்
அந்தச் சுடரைக் கிள்ளி அணைத்தாள்.
மடியிலிருந்து தன்னுடையதை எடுத்தாள்,
குட்டை, போன வருசம் மிஞ்சியது.
நட்டாள், ஏற்றினாள், சிலுவை போட்டாள்.
பிறகு அதிலிருந்து
அணைத்ததை மறுபடி பற்றவைத்து
ஒரு சாண் தள்ளி ஊன்றினாள்.
"மொத வெளிச்சம் வூட்டு வெளிச்சம். சொல்லுங்க அவங்ககிட்ட."

அதற்கும் என்னிடம் இங்கிலீஷ் இல்லை.
ஆனால் ரூத்தா தலையாட்டிக்கொண்டிருந்தாள்,
ஊரில் எந்த அத்தையிடமோ
இதே திட்டு வாங்கிப் பழகியவள் போல.

அவித்த கடலையை அவள் கையில் கொட்டிவிட்டு
"யாருக்கு வெக்க வந்தாங்களோ, பேரக் கேளுங்க" என்றாள் அக்கா.
கேட்டேன். சொன்னாள்.
எனக்குப் பிடிபடவில்லை.
அக்காவுக்கு எப்படியோ பிடிபட்டது.
ஜெபத்தில் சவரிமுத்துவுக்கு அடுத்ததாக
அந்தப் பெயரைச் சொன்னாள்,
தப்பாகத்தான் சொல்லியிருப்பாள்.
ரூத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு
வெகுநேரம் கடலை உரித்தாள்.

ஓட்டல் வாசலில் பில் எழுதினேன்:
வெயிட்டிங் இரண்டு மணி நேரம்.
எழுதாமல் விட்டிருக்கலாம்தான்.
பனியில் வளைவு வளைவாக இறங்கினேன்.
பின்சீட்டில் அந்த ஒற்றைச் செருப்பு
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
உருண்டுகொண்டே வந்தது,
அடிவாரம் வரைக்கும்.