ஒரு குண்டூசி குறைகிறது

மிஷன் வீதிக் கடையில் ஜோடி எழுநூறு.
அநியாயம் என்று இறங்கி வந்து
ஞாயிற்றுச் சந்தையில் துணி எடுத்தேன், இருநூற்று நாற்பது.
ஜிப் இரண்டு, ஐம்பது. பஞ்சு நூற்றெண்பது.
தையல் மெஷினுக்குப் புது பெல்ட் தொண்ணூறு,
அதை மாட்டிய அந்துவானுக்கு நூற்றைம்பது,
முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ
போக வர நூற்று அறுபது.

முதல் ஜிப் உள்பக்கமாகத் திறந்தது.
பிரித்தேன்.
பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
அதற்கு விலை போடவில்லை.

நாத்தனார் பிலோமின் வந்தாள்,
குஷனைத் தடவிப் பார்த்துச் சாய்ந்தாள்.
"அழகாருக்கே, எங்க வாங்குனீங்க?"
"மிஷன் வீதில."
"எவ்ளோ?"
"எண்ணூத்தி எழுபது."
"ஏமாந்துட்டீங்க அண்ணி."

குத்தியது இருபத்தைந்து குண்டூசி.
டப்பாவில் இருபத்து நான்குதான்.
காபி வேண்டுமா என்கிறேன்.
அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள்.