பக்கக் குழாய்

காலை ஐந்தே முக்கால். சீனக்குடாவில்
பட்டறையின் தகரக் கூரை இன்னும் குளிர்ந்தபடி.
தொட்டி மட்டும் இரவெல்லாம் விழித்த சூட்டில்.
ஆவி, குளிர்ச்சுருளின் விளிம்புவரை ஏறி
திரும்பிப் போகிறது,
வாசல்வரை வந்து பழைய கடனை நினைத்துவிட்ட ஆள் போல.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
எங்களிடம் மூன்றே அறை:
கொதிப்பது, அலசுவது, ஆவியில் நனைப்பது.
முதல் அறையின் அழுக்கு மூன்றாவதைத் தொடக் கூடாது.
அவ்வளவுதான் என் வேலை.
சொன்னால் சின்னதாகத்தான் இருக்கிறது.

போன மாரியில் இதே கரைப்பான் புளித்தது.
பாயிஸ் சோதனைத் தாளை நனைத்துக் காட்டினான்.
"இன்னும் ஒரு லோட்" என்றார் ருக்மாங்கதன்.
ஒரு லோட். பிறகு ஒரு லோட்.
வாடைக்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்க
நீர்ப்பிரிப்பானை எவரும் திறக்காத பன்னிரண்டு நாள்.
கழுவி எடுத்த பேரிங்கைத் தொட்ட விரல்
கறுத்துத் திரும்பியது.

மூன்று நாள் பட்டறை மூடிக் கிடந்தது.
கியர்பெட்டி இல்லாத இழுவைப் படகொன்று
ஜெட்டியில் சும்மா ஆடிக்கொண்டு நின்றதை
சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி பார்த்தோம்.
பருப்பில் உப்பில்லை. அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

இப்போது வடிகட்டி இரண்டு.
ஒன்று குடிக்கும், ஒன்று காத்திருக்கும்.
அழுத்தமானியின் முள் சிவப்பை முகர்ந்ததும்
பக்கக் குழாயின் வால்வைத் திருப்புவேன்.
பம்புக்குத் தெரியாது.
கூடையில் இறங்கும் பிஸ்டன்களுக்கும் தெரியாது.
அடைத்த உறையைக் கழற்றி மூடி போட்ட வாளிக்குள் இடும்போது
முகமூடிக்குள் என் மூச்சு
வேறு யாருடையதோ போல் கேட்கும்.

ஓரத்தில் காய்ச்சி வடிக்கும் கலம்.
கறுப்பை விழுங்கிக் கண்ணாடியாய்ச் சொட்டும்.
அடிவண்டல் எடுப்பது செவ்வாயும் வெள்ளியும்;
விரத நாள் என்பதால் மறப்பதில்லை.

நேற்று வண்டலுக்குள் ஒரு மீன்செதில்.
எந்த வள்ளத்து எஞ்சினோடு வந்ததோ.
டீசலையும் கிரீஸையும் தின்றுதீர்த்த அந்தத் திரவம்
இதை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல்
துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தது.

"மெசின நிப்பாட்டினியா பிள்ளை?"
மேல்தளத்திலிருந்து ருக்மாங்கதன்.
"இல்லை சேர்."
பொய்யில்லை. நின்றது நான்தான்,
கையுறையில் செதிலோடு, பதினொரு நிமிஷம்.

பிறகு பதிவேட்டில் எழுதினேன்:
நீர், இல்லை.
அமிலம், சரி.
எண்ணெய், நூற்றுக்குப் பதினாறு.
குறிப்பு என்ற கட்டம் எப்போதும் வெறுமைதான்.
அதில்: செதில், ஒன்று.