மார்பு உயரம்

முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள்.
வனவியல், தொழிற்பிரிவு, பதினொன்றாம் வகுப்பு:
மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுபவை.
கணுக்கால் மூடும் ஷூ. முழுக்கைச் சட்டை.
தொங்கட்டான் கூடாது.
அரிவாளைக் கைமாற்றும்போது பிடி வாங்குபவர் பக்கம்.
அண்ணாந்து பார்த்த பிறகே அடியில் நில்.
பார்க்காததை எழுதாதே.
கீழே பெற்றோர் கையெழுத்து.
அம்மா தமிழில் போட்டாள்.
நேகி மிஸ் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
கொடி மாதிரி இருக்கிறது என்றார்.

ஷூ என்னுடையது இல்லை.
அம்மா வேலை செய்யும் வீட்டுப் பையனுடையது,
இரண்டு அளவு பெரிது.
முனையில் இந்திப் பேப்பரைத் திணித்துக்கொண்டு
மெஹ்ரோலிப் பக்கம் ரிட்ஜில் ஏறினேன்.
அடிக்கு அடி செய்திகள் நொறுங்கின.

மேலே நின்றது சீமைக் கருவேலம்.
இவர்கள் விலாயதி கீக்கர் என்கிறார்கள்.
எந்த மொழியில் கூப்பிட்டாலும்
வெளியூர்க்காரன் என்றுதான் அதற்குப் பெயர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முள் முழுக்கையைத் தாண்டி வந்தது.

மார்பு உயரத்தில் சுற்றளவு எடு என்றார் மிஸ்.
பையன்கள் பக்கம் ஒரு சிரிப்பு.
அது வடியும்வரை பொறுத்திருந்து சொன்னார்:
நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்.
யாருடைய மார்பு மிஸ்?
தல்ஜீத்துக்கு அது சட்டைப் பை.
எனக்கு மூக்கு.
எந்தக் காலத்து எந்த அதிகாரியோ,
அவன் நெஞ்சை இன்னும் மரங்கள் சுமக்கின்றன.

அதனால் என்ன,
நாடாவைச் சுற்றும்போதெல்லாம்
என் மூக்கு பட்டையில் இடிக்கும்.
வேம்பு எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும்.
புரசு தெரியும்.
நாய் படுத்துப் போன வாகையும் தெரியும்.

தேர்வு, சாலையில்.
அகலப்படுத்தப் போகிறார்கள்;
ஓரத்து மரங்களை அளந்து
சிவப்பு பெயின்ட்டில் எண் போட்டுப்
பட்டியல் தர வேண்டும்.
நானும் ஃபர்ஹீனும் ஒரு குழு.
நாற்பத்தொன்றாவது, ஒரு நாவல்.
ஃபர்ஹீனின் தூரிகை அந்தரத்தில் நின்றது.
இதை விட்டுடலாமா?
லிஸ்ட்ல இல்லேன்னா வெட்ட மாட்டாங்க இல்ல?

போன வருஷம் எங்கள் கேம்ப்புக்கு வந்தார்கள்.
இதே சிவப்பு. இதே அங்குலத் தூரிகை.
கதவுக்கு ஓர் எண்.
அம்மா பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள்,
நான் பள்ளியில்.
எங்கள் கதவுக்கு எண் விழவில்லை.
பதிவேட்டில் ஒரே சொல்: பூட்டு.
எண் இல்லாத வீட்டை விட்டுவிட்டா போனார்கள்?
எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் இடித்தார்கள்.
இடித்ததற்குக் கணக்கு மட்டும் இல்லை.

இதையெல்லாம் ஃபர்ஹீனிடம் சொல்லவில்லை.
நல்லா பெருசா போடு என்றேன்.
ரெண்டு பக்கமும் போடு.

தாளில் இன்னொரு வரியும் உண்டு:
சுற்றளவு முப்பதுக்குக் குறைந்தால் மரம் அல்ல, விடு.
குறிப்புகள் என்ற கட்டம் காலியாக இருந்தது.
பொடி எழுத்தில் நிரப்பினேன்.
வேம்பு, இருபத்திரண்டு.
வேம்பு, பத்தொன்பது, ஆடு கடித்தது.
கொன்றை, சுண்டுவிரல் கனம்,
குழாய் ஒழுகும் இடத்தில்.
அரசு, பாலத்துச் சுவர் விரிசலில்,
நாடா சுற்ற இடமில்லை,
நான்கு இலை.

மூன்று மதிப்பெண் போனது.
வரையறைக்கு வெளியே, பச்சை மையில்,
அடியில் இரண்டு கோடு.
ஜெராக்ஸ் கடையில் நேகி மிஸ்
பட்டியலைக் கண்ணாடிமேல் வைத்தார்,
மூடியைப் போட்டார், மறுபடி திறந்தார்,
அந்தக் கடைசிக் கட்டம் வெட்டுப்படாதபடி
தாளை ஒரு விரல் நகர்த்தி வைத்தார்.
பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

ஷூ இப்போது ஓர் அளவுதான் பெரிது.