கால் சுருதி

லைல் ஸ்டாக்னர் டெக்சஸுக்குப் போய்விட்டான்,
ஆம்ப்ளிஃபயரையும்
என் ஜம்பர் கேபிளையும் எடுத்துக்கொண்டு.
வெள்ளிக்கிழமைக் கச்சேரியை மட்டும்
எனக்கு விட்டுப்போனான்.

பதினோரு வருஷம் அவனுக்குப் பின்னால் நின்று
ஜி, சி, டி என்று
வேலிக்குக் கம்பு நட்டவள் நான்.
அதன்மேல் நடந்து காட்டியவன் அவன்.

இப்போது டிரெய்லரில்
துணி உலர்த்தும் எந்திரத்தின் இரைச்சலுக்குள்
மூன்றாம் தந்தியைத் தள்ளிப் பழகுகிறேன்.
ஆர்கன்சா கோழி ஆலையில்
நாளுக்கு நாலாயிரம் தொடை அறுக்கிற கை வலது.
காய்ப்பெல்லாம் அதில்தான்.
தந்தி கேட்பதோ இடதை.

ப்ளூஸ் சொல்கிறது: கால்வாசி தள்ளு,
போய்ச் சேர்ந்துவிடாதே.
கடையில் முன்னாள் கணவனைப் பார்த்து
பாதி உயர்த்திய கையால்
தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறோமே, அவ்வளவு.
கன்ட்ரியில் ஒரு விரல் அசையக்கூடாது,
இன்னொன்று வளைந்து வளைந்து
அதனிடம் வர வேண்டும்.
ராக்குக்கு
சத்தம் போட்டால் திட்டாத அக்கம்பக்கம் வேண்டும்.
எனக்கு வாய்த்ததோ மார்வின் ஓக்லி.
ஜன்னலைத் தட்டி,
"இன்னும் இறங்கியே இருக்கு, வெர்னெட்டா" என்கிறான்.
சரியாகத்தான் சொல்கிறான் சனியன்.

வெள்ளி இரவு.
டிரம்ஸில் இருந்த டூவேன் கண்ணைக் காட்டினான்:
பன்னிரண்டு ஆவர்த்தனம் உனக்கு.
முதல் நாலும் லைலைப் போலவே வாசித்தேன்.
ஒருவரும் நிமிரவில்லை.
லைல் இருக்கிறான் என்றே நினைத்திருப்பார்கள்.
ஐந்தாவதில் விரல் வழுக்கியது.
ஸ்வரம்
போக வேண்டிய இடத்துக்கும் போகவில்லை,
புறப்பட்ட இடத்துக்கும் திரும்பவில்லை.
வேறு வழி தெரியாமல்
அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.
பில்லியர்ட்ஸ் மேஜையில் குறிபார்த்துக்கொண்டிருந்தவன்
கோலைத் தரையில் ஊன்றினான்.

அப்போதுதான் உறைத்தது:
என் முதுகுக்குப் பின்னால்
ஜி, சி, டி அடிக்க ஆள் இல்லை.
வேலி இல்லாத வெளியில்
மிச்ச ஏழையும் எப்படிக் கடந்தேன் என்று
கேட்காதீர்கள்.

நள்ளிரவில் வண்டி கிளம்பவில்லை.
என் கேபிள் டெக்சஸில்.
கோல் ஊன்றியவன்தான்
தன் வண்டியை முகத்துக்கு முகம் நிறுத்தி
கவ்விகளை மாட்டினான்.
"நடுவில் ஒன்று வந்ததே, என்ன அது?"

"தப்பு" என்றேன்.

சாவியைத் திருப்பச் சொன்னான்.
இரண்டு முறை இருமி
எஞ்சின் பிடித்துக்கொண்டது.