வெள்ளை என்றால் இன்னும் வராதது

மே மாதம் மேசையில் நாற்பது இருந்தன.
ஆகஸ்டில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
மூன்று கம்பெனிகள், ஒரே மலைச்சரிவு,
ஒரே தெருவின் இரு ஓரங்களுக்கும் தனித்தனி விண்ணப்பம்,
எல்லாவற்றின் நெற்றியிலும் சிவப்பில்: அவசரம்.

டுலூத் நகராட்சி, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே கடல்போல் நடிக்கும் ஏரி.
உள்ளே நானும் டூ ஷியோங்கும்.
இந்த ஊர் மண்ணுக்கு நாங்கள்தான் வாயிற்காவல்.
முன்பெல்லாம் வருஷத்துக்கு இருநூறு குழி:
ஒரு சாக்கடை இணைப்பு, ஒரு விளக்குக் கம்பம்,
உடைந்த நடைபாதை.
இப்போது மயிரிழைக் கண்ணாடி ஒன்றுக்காக
ஊருக்கே வகிடெடுக்கக் கேட்கிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை.
எத்தனை அடி ஆழம்?
மேப்பிள் வேருக்கு எவ்வளவு தூரம்?
பள்ளி விடும் நேரம் உங்கள் லாரி எங்கே நிற்கும்?
நீங்கள் போன பிறகு
பள்ளம் யார் பெயரில் இருக்கும்?
கீழே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் தாரில் எழுதப்படும்.
ஸ்ப்ரே டப்பாவோடு ஒருவர் குனிந்து நடப்பார்.
மஞ்சள் எரிவாயு. நீலம் குடிநீர்.
சிவப்பு மின்சாரம். பச்சை, நாம் பேசாத விஷயம்.
வெள்ளைக்கு அடியில் மட்டும் ஒன்றும் கிடையாது.
வெள்ளை என்றால் இன்னும் வராதது.

ஜூனில் ஒருநாள்
பத்தாம் அவென்யூவில் துளைக்கருவி இரும்பில் முட்டியது.
தண்ணீர் படியிறங்கி ஏரிக்குப் போயிற்று,
மதியம் முழுக்க, யாரையும் கேட்காமல்.
மேஸ்திரி எவுலோஹியோ சேற்றுப் பூட்ஸோடு வந்து
வரைபடத்தை என் முன்னால் விரித்தார்.
"நீங்கள் கொடுத்ததுதான். பாருங்கள்."
பார்த்தேன். படத்தில் குழாய் நேராகப் போகிறது.
மண்ணில் வளைந்திருக்கிறது.
நூறு வருஷத்துக்கு முன் எவனோ
பாறைக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறான்,
அதை எழுதிவைக்கவில்லை.

அன்றிலிருந்து படிவத்தில் ஒரு கேள்வி கூடியது.
ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வாரம் கூடியது.
கவுன்சிலர் போன் செய்தார்: ஏன் இத்தனை நாள்?
கம்பெனிக்காரர் தொலைக்காட்சியில் சொன்னார்:
நாங்கள் தயார், நகராட்சிதான் தூங்குகிறது.
தூங்கினால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நவம்பர் பதினைந்துக்குப் பிறகு
இங்கே யாரும் தோண்டக் கூடாது.
மண் கல்லாகிவிடும்;
மூடிய பள்ளம் வசந்தத்தில் வாய் பிளக்கும்.

அக்டோபரில் அந்தக் கோப்பு வந்தது.
தெருப்பெயரைப் படித்து, மறுபடி படித்தேன்.
படத்தில் என் வீடு ஒரு சின்னச் செவ்வகம்.
என் மகன் எய்னார்
இரவில் நூலக வாசலில் காரை நிறுத்தி
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
வீட்டுப்பாடம் அனுப்புகிறவன்.
முத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கோப்பை டூவின் மேசைக்குத் தள்ளினேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அது திரும்பியது:
"திருத்தம் தேவை. முன்வாசல் மரம் காட்டப்படவில்லை."
என் மரம்.
போன கோடையில் அதன் நிழலில் நின்றுதான்
டூ எங்களுக்கு மீன் வறுத்துக் கொடுத்தான்.
கோபப்பட ஒரு காரணம் தேடினேன்.
விதி நான் எழுதியது.

திருத்திய படம் நவம்பர் பன்னிரண்டில் வந்தது.
வண்ணம் அடிக்க இரண்டு நாள்.
எவுலோஹியோவின் ஆட்கள் மலையின் மறுபக்கத்தில்.
பதினான்காம் தேதி இரவு பனி கொட்டியது.

"எப்போது வரும்?" என்றான் எய்னார்.
கவுண்டரில் சொல்கிற வாக்கியமே வாயில் வந்தது:
விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.
சிரித்தான், நல்லவேளை.

காலையில் மண்வாரியோடு வாசலுக்கு இறங்கினான்.
பனிக்கு அடியில், பனியைவிடக் கொஞ்சம் அழுக்காக,
வீட்டைப் பார்த்து ஒரு வெள்ளை அம்பு.
நின்றான்.
பிறகு அதைச் சுற்றி மட்டும் வாரினான்,
பெயின்ட் உரிந்துவிடாமல்.