தட்டு ஏழு

மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு தொடங்கிய நேரம்
தட்டு ஏழு என் கையில் இருந்தது.
தொண்ணூற்றாறு குழிகள்.
எங்கள் பெரியவர் அவற்றைக் கிணறு என்பார்.
'கிணறு பாத்து விடுங்கோ பிள்ளை,
ஒண்டு மற்றதுக்குள்ளை தெறிக்கக்கூடாது.'
அந்தப் பயத்துக்காகவே
ஒரு காலம் இந்த ஊரில்
கிணற்றைச் சுற்றி வேலி அடைத்திருந்தார்கள்.

பெயர்கள் எனக்கு வராது. எழுத்தும் எண்ணும்தான்.
க, கர்ப்பிணிகள்.
இ, இரத்ததான முகாமில்
ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டுப் போனவர்கள்.
கு, குருநகரிலிருந்து விடியமுன் வந்து
மீன் மணக்கும் என்று
கதிரை நுனியில் இருந்தவர்கள்.
ப, பல்கலைக்கழகத்தார்;
சேர்ட் கையை மடிக்க முதல்
எதற்கு, எதற்கு, எதற்கு என்று கேட்டவர்கள்.
பி, பின்வாசலால் மட்டும்
பன்னிரண்டாம் அறைக்கு வருபவர்கள்.

அமிலம் ஒவ்வொரு துளி.
நீலம் மஞ்சளானது.
உதட்டில் வருகிற முதலாம் வகை இது.
க மஞ்சள். கு மஞ்சள்.
மூன்று தரம் கேட்டவர்களும் மஞ்சள்.
வெளிறி நின்றவர்களைத்தான்
தேடி எண்ண வேண்டியிருந்தது.

இரண்டாம் வகை தட்டு எட்டில்.
அங்கே மஞ்சள் குறைவு,
ஆனால் ஒரு எழுத்தும் தப்பவில்லை.
பி-யில் கூட. சரி.
க-வில், நான் நினைத்ததைவிடக் கூட.
நினைக்கச் சொல்லி
ஆர் எனக்குச் சம்பளம் தந்தது?

க நாற்பத்தொன்று
'முடிவு வேண்டும்' என்ற பெட்டிக்குள்
புள்ளடி போட்டவள்.
டொக்டர் சொல்லி முடித்த பிறகும்
துண்டை சொப்பிங் பையோடு பிடித்துக்கொண்டு
என் மேசைக்கு வந்தாள்.
'மிஸ், இது எப்ப வந்தது எண்டு இதிலை கிடக்கோ?'
இல்லை.
'ஆரிட்டையிருந்து எண்டு?'
இல்லை அம்மா. வருஷக்கணக்காய்ச் சத்தமில்லாமலும் கிடக்கும்.
இரத்தம் திகதி எழுதி வைப்பதில்லை.
'அவர் கட்டாரிலை. நான் வீட்டிலைதான்.'
கொஞ்சம் பொறுத்து, திரும்பவும்,
'நான் வீட்டிலைதான்.'

நிறையப் பேருக்கு இருக்கு என்றேன்.
'எத்தினை பேருக்கு?'
எண்ணைச் சொன்னேன்.
வாசலில் வரிசையாய் இருந்த வயிறுகளை
ஒருமுறை பார்த்தாள்.
எண்ணினாளோ தெரியாது.
துண்டை நாலாய் மடித்தாள், எட்டாய் மடித்தாள்,
கிளினிக் கொப்பிக்குள் வைத்தாள்,
எடுத்து
பிளவுசுக்குள் வைத்தாள்.

நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை.
அதற்குக் கீழே
மேலுதட்டின் இடது மூலையில்
காய்ந்து வருகிற நாலு கொப்புளம்.
சாதாரணதரச் சோதனைக்காலத்தில் முதல் வந்தது;
அம்மா பல்லியைத் திட்டினாள்.
பல்லி பாவம்.
என் எழுத்துப் பதிவன்று
இரண்டு தரம் பவுடர் போட்டு மறைத்தது.
கழற்றிக் காட்டியிருக்கலாம்.
இது அதன் தமக்கை, ஒரே வீட்டுச் சனம்
என்றாவது சொல்லியிருக்கலாம்.

அட்டவணையில் இப்போது அவள்
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால்.

தட்டு ஏழின் கடைசிக் குழிக்கு
எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை.
மிச்சமாய்க் கிடந்தது.
காலையில் ஒருவரும் வர முதல்
என் இரத்தத்தில் பிரித்ததைக் கொஞ்சம்
அதற்குள் விட்டிருந்தேன்.
நல்ல மஞ்சள்,
வெயிலுக்கு நேரே பிடித்தால் தோடம்பழ நிறம்.

பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே
எழுதினேன்:
பாவிக்கப்படவில்லை.